கங்கு வெள்ளியின் கூட்டாளி

படுத்தாச்சா? போர்வையை இழு. ஒரு கதைதான், சொல்லிட்டேன். நடுவுல தண்ணி கேக்கப்படாது. ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிக்கப்படாது. நான் நிறுத்தினா நீ ‘ம்’ சொல்லணும். சொல்லலேன்னா தூங்கிட்டேன்னு நான் பாட்டுக்குப் போயிருவேன்.

“ம்.”

இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, ஏட்டி.

ஒரு ஊர்ல ஒரு விளக்கு இருந்துச்சு. ராஜா கிடையாது, ராணி கிடையாது. விளக்குதான்.

கடலோரத்து ஊரு. ஊருக்கு முன்னால கடலுக்குள்ள ரெண்டு பாறை, கோரைப்பல்லு மாதிரி. நடுவுல ஒரு கட்டுமரம் நுழையிற அளவுக்குத்தான் சந்து. கொஞ்சம் தள்ளிப் போனா, சடார்! மரமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால கரையில ஒரு மணல்மேட்டு மேல கல்லால சின்னதா ஒரு அறை கட்டி, கடலைப் பாத்து ஒரு ஜன்னல் வச்சு, புன்னை எண்ணெய் ஊத்திப் பெரிய விளக்கா ஏத்தி வைப்பாங்க. அந்த விளக்குக்கு நேர் மேலே வானத்துல ஒரு வெள்ளி. நாம நட்சத்திரம்ங்கோம்லா, கடலுக்குப் போறவங்க வெள்ளின்னுதான் சொல்லுவாங்க. இது கொஞ்சம் சிவப்பு. ஊதி விட்ட அடுப்புக் கங்கு மாதிரி. அதனால பேரு கங்கு வெள்ளி. மேலே வெள்ளி, கீழே விளக்கு, ரெண்டும் ஒரே நேரா வந்துட்டா சந்துக்குள்ள பயமில்லாமப் புகுந்துரலாம்.

ஆனா அந்த வெள்ளிக்கு ஒரு கோளாறு இருந்துச்சு. சொல்லு.

“ம்.”

வருஷத்துல ஒரு ராத்திரி அது அவிஞ்சு போயிரும். மேகம் இருக்காது. சுத்தியிருக்க வெள்ளியெல்லாம் பளிச்சு பளிச்சுன்னு நிக்கும். இது மட்டும் மங்கும். யாரோ திரியைக் கீழே இழுக்க மாதிரி மங்கி, மங்கி, பொட்டுன்னு போயிரும். அந்த இடத்துல ஓட்டை விழுந்த மாதிரி ஒரு இருட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மெல்லத் திரும்ப வரும். கணக்குத் தவறாது. எந்த ராத்திரின்னு ஊர்ல பெரியவங்க விரலை மடக்கிச் சொல்லிருவாங்க.

ஏன் அவியுது? யாருக்கும் தெரியாது. தெரியலேன்னா மனுசன் என்ன செய்வான்? பயப்படுவான். அங்கே ஒண்ணு இருக்குன்னாங்க. கறுப்பா, கண்ணுக்கே தெரியாம. அதுதான் வெள்ளியைத் திங்குதுன்னாங்க. தின்னும் பசி அடங்காமக் கீழே பாக்கும், எங்கே வெளிச்சம் தெரியுதோ அங்கே இறங்கும்னாங்க.

அதனால அந்த ராத்திரி ஊரே இருட்டாயிரும். அடுப்புல தண்ணி, சுஸ்ஸ்ஸ்! மாடத்து விளக்கு, ஃபூ! ஒரு பீடி பத்த வைக்கக் கூடாது. பூனை இருக்குல்லா பூனை, அதைப் பிடிச்சுக் கூடையைப் போட்டுக் கவுத்துருவாங்க. ஏன்? கண்ணு மினுங்கும்லா.

சிரிக்காதே. அவங்க சிரிக்கலை.

மேட்டு விளக்கையும் அணைச்சிருவாங்க. அப்படி அணைச்சும் வருஷா வருஷம் அந்த ராத்திரி ஒருத்தராவது போயிருவாங்க. கடலுக்குப் போய்த் திரும்ப நேரமானவங்க. விடிஞ்சா மரத்துண்டு மட்டும் கரையில ஒதுங்கும். ‘பாத்தியா, அது எடுத்துக்கிட்டு’ன்னு ஊரு சொல்லும். அடுத்த வருஷம் இன்னும் சீக்கிரமா விளக்கை அணைக்கும்.

“ம்.”

அந்த ஊர்ல ஒரு அம்மா. புருசன் அப்படி ஒரு ராத்திரியில போனவரு. அவங்களுக்கு இரட்டைப் பிள்ளை. பொண்ணு பேரு கித்தேரி, பையன் பேரு தொம்மை. கித்தேரிதான் முதல்ல பிறந்தா. ஒரு பானைச் சோறு வேகுற நேரம் மூத்தவ.

“அக்கான்னு கூப்பிடுலே.”

“ஒரு பானைச் சோத்துக்கெல்லாம் அக்கா பட்டம் கிடையாது. போ ஏட்டி.”

அவன் ஒரு நாளும் கூப்பிட்டது இல்லை.

சின்னதுல ரெண்டும் வீட்டு முத்தத்துல தட்டாமாலை சுத்தும். கையைக் குறுக்கே கோத்துக்கிட்டு, காலைக் கிட்டக் கிட்ட வச்சு, உடம்பைப் பின்னால சாய்ச்சு, கிறு கிறு கிறுன்னு. அம்மா வாசப்படியில இருந்து பாப்பாங்க. ஒரு நேரம் கித்தேரி மூஞ்சி தெரியும். ஒரு நேரம் தொம்மை முதுகு வந்து அவளை மறைச்சிரும். “எம் பொண்ணு எங்கே? காணோமே!”ன்னு அம்மா சொல்லுவாங்க. “இந்தா இருக்கேன்!”னு சுத்தி வந்துருவா.

ஒரு நாள் தொம்மை வேணும்னே கையை விட்டுட்டான். ரெண்டு கை இல்லை, ஒரு கைதான். கித்தேரி பறந்து போய் ஆட்டுரல்ல மோதினா. ணங்! அவன் இந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தான். அவ புருவத்துல வந்த தழும்பு வளந்து பெரியவளாகியும் போகலை. இதை ஞாபகம் வச்சுக்கோ. மறுபடி சொல்ல மாட்டேன்.

“ம்.”

அப்புறம் ஒரு வருஷம் அந்த நாள் வந்துச்சு. தொம்மை விடியலேயே துடுப்பை எடுத்துட்டான்.

“இன்னைக்குப் போகாதலே”ன்னா கித்தேரி.

“பொழுது சாயுமுன்ன வந்துருவேன். நீ போய்ப் பூனையைப் பிடி.”

சாயங்காலம் காத்து செத்துப் போச்சு. பாய் ஈரத்துணியாத் தொங்கிட்டு. கிட்டத்துல நின்னவங்க துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துட்டாங்க. தொம்மை தூரத்துல போயிருந்தான். வரலை. பொழுது சாஞ்சுது. வரலை. இருட்டிட்டு. வரலை.

ஊர் மூப்பர் கயித்தான் தெருத்தெருவா வந்தாரு. ஊருக்குப் பெரியவரு, மீசை அதை விடப் பெருசு. “அணை! அணை! ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது!”

கித்தேரி குறுக்கே போய் நின்னா. “தம்பி கடல்ல இருக்கான், மூப்பரே. மேட்டு விளக்கு மட்டும் எரியட்டும்.”

“ஒருத்தனுக்காக ஊரையே குடுக்கச் சொல்லுதியா?”

“அவன் சந்துக்குள்ள வாரது வரைக்கும்தான்.”

“அது பாத்துரும், ஏட்டி! அது பாத்துரும்!” மூப்பரே குடத்தை எடுத்து அவங்க அடுப்புல கவுத்தாரு. சுஸ்ஸ்ஸ்.

ஆனா கித்தேரி முன்னமே ஒரு வேலை பாத்து வச்சிருந்தா. ஒரு சட்டிச் சாம்பலுக்குள்ள ஒரே ஒரு கங்கைப் புதைச்சு வச்சிருந்தா. ஊரு அடங்கினதும் சட்டியை முந்தானையில மூடிக்கிட்டுப் பின்வாசல் வழியா இறங்கினா. மணல்ல சரக், சரக், சரக். நாய் கூடக் குலைக்கலை. அண்ணாந்து பாத்தா, கங்கு வெள்ளி மங்க ஆரம்பிச்சாச்சு.

அப்போ ஓட்டமா மேடேறினா. அறைக்குள்ள புகுந்து கதவைச் சாத்தினா. தாழைப் போட்டா. சாம்பலை விலக்கினா. ஃபூ… ஃபூ… திரி பிடிச்சுது. குப்!

அம்புட்டு இருட்டுக்குள்ள அந்த ஒரே வெளிச்சம். ஊர்ல எல்லாரும் கதவிடுக்கு வழியா அதைப் பாத்துட்டாங்க. வேற யாரு பாத்தாங்களோ.

“…ம்.”

என்ன, சத்தம் சின்னதாயிட்டு? நிறுத்தவா? வேண்டாமா? அப்பக் காலை உள்ளே இழுத்துக்கோ.

டொக் டொக் டொக்!

“யாரு?”

“நான் மூப்பன். அணை ஏட்டி அதை.”

“தம்பி வரட்டும், அணைக்கேன்.”

“அவன் வரமாட்டான். அவன் அதுக்குன்னு ஆயாச்சு. நீ இப்ப விளக்கைக் காட்டி அதை ஊருக்குள்ள கூப்பிடுத.”

கித்தேரி கொஞ்சம் யோசிச்சா. “மூப்பரே, அது வெளிச்சத்தைப் பாத்துதானே வரும்?”

“ஆமா.”

“இப்ப வெளிச்சத்துக்குப் பக்கத்துல நிக்கது யாரு?”

அந்தப் பக்கம் தட தட தடன்னு ஒரு ஓட்டம்.

“பாத்துப் போங்க, வேட்டி முள்ளுல மாட்டிரும்!”னு கத்தினா. கத்திட்டு அப்படியே உக்காந்துட்டா. அவருக்குச் சொன்னது அவளுக்கும்தானே? அவ வெளிச்சத்துக்குப் பக்கத்துல இல்லை, வெளிச்சத்தோடயே இருக்கா.

ஜன்னல் வழியா கடலைப் பாத்தா. கறுப்பு. கூரையில ஒரு கல் பேந்த ஓட்டை இருந்துச்சு, அது வழியா வெள்ளியைப் பாத்தா. பாதி போயாச்சு.

டொக்.

மெல்ல. ஒரே ஒரு தட்டு.

“யாரு?”

“அம்மா.”

கித்தேரி கதவுகிட்ட வந்தா.

“அணைச்சிட்டு வா, தாயி. உங்கப்பனைக் குடுத்தேன். தம்பியும் போயிட்டான். நீ ஒருத்தியாவது எனக்கு இரு.”

மூப்பருக்கு மசியாதவ இதுக்கு அழுதுட்டா. கை தாழ்ப்பாள்கிட்டப் போயிட்டு. அப்போ என்னமோ தோணி ஒண்ணு கேட்டா.

“அம்மா, அப்பா போன ராத்திரி இந்த விளக்கு எரிஞ்சுதா?”

“எரியலை, தாயி.”

“யாரும்மா அணைச்சா?”

ஒரு அலை வந்து போச்சு. இன்னொரு அலை வந்து போச்சு.

“நான்தான்”னாங்க அம்மா. “அன்னைக்கு நம்ம வீட்டு முறை. நான்தான் மேடேறி ஊதினேன். துடுப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. கேக்காத மாதிரியும் இருந்துச்சு. பயத்துல ஓடி வந்துட்டேன்.”

“அப்ப அப்பாவை அது எடுக்கலைம்மா.”

அம்மா இறங்கி வீட்டுக்கு ஓடுத சத்தம், திரும்ப மேடேறுத சத்தம். அப்புறம் படிக்கல்லுல எதையோ வைக்க சத்தம். “எண்ணெய் பத்தாது உனக்கு. எந்தலைக்குத் தேய்க்க தேங்காயெண்ணெய். எடுத்துக்கோ. நான் கரையில நின்னு அவனைக் கூப்பிட்டுப் பாக்கேன்.” அம்மா இறங்கிப் போனாங்க. தூரத்துல “தொம்மே… தொம்மே…”ன்னு கேட்டுச்சு.

விளக்குல பாத்தா, எண்ணெய் அடியில கிடக்கு. அப்போ கதவைத் திறந்துதானே ஆகணும்? தாழை மெல்ல விலக்கினா. கிறீச். ஒரு கை போற அளவு திறந்தா. கையை மட்டும் வெளியே விட்டுத் தடவினா. கல்லு. மணல். கல்லு. குப்பி ஆப்பிட்டுது. வெடுக்குன்னு உள்ளே இழுத்துத் தாழைப் போட்டா.

உள்ளே வந்த கை, ஐஸ்கட்டிக்குள்ள விட்டு எடுத்த மாதிரி இருந்துச்சு. முழங்கை வரைக்கும் வெளுத்துப் போயிருந்துச்சு.

அண்ணாந்து பாத்தா. பொட்டு. வெள்ளி இல்லை.

அப்போ அலைச்சத்தம் நின்னுட்டு. அம்மா கூப்பிடுத சத்தம் நின்னுட்டு. அவ மூச்சு மட்டும் கேக்கு. புஸ்… புஸ்… சுடர் சாஞ்சுது. கடல் காத்துன்னா உள்பக்கம் சாயணும். இது கதவிடுக்குப் பக்கம் நீளமாச் சாஞ்சுது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுக்க மாதிரி.

தட்டலை. பரட்… பரட்… பலகையைத் தடவுது.

“அக்கா.”

தொம்மை குரல்.

“அக்கா, வந்துட்டேன். நனைஞ்சு போயிட்டேன். குளிருது. விளக்கை அணைச்சிட்டுக் கதவைத் திற.”

துள்ளி எந்திரிச்சா. தாழைப் பிடிச்சுட்டா. அக்காவா?

கையை எடுத்துட்டா. “எங்க தொம்மை செத்தாலும் என்னை அக்கான்னு கூப்பிட மாட்டான். நீ யாரு?” சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைச்சுது, செத்தாலும்னு சொல்லிட்டமேன்னு.

அந்தக் குரல் மாறிட்டு. காலிப் பானைக்குள்ள இருந்து வாரது போல வந்துச்சு.

“வெளிச்சம் தெரிஞ்சுது. வந்தேன்.”

ஊரு சொன்னது அந்த மட்டும் சரிதான். வெளிச்சத்துக்கு அது வரத்தான் செஞ்சுது. கித்தேரிக்குப் பல்லு கிட்டிட்டு. இருந்தும் கேட்டா.

“நீதான் வெள்ளியைத் தின்னுதியா?”

“திங்கலை. அவ எனக்குக் கூட்டாளி. ரெண்டு பேரும் கைகோத்துச் சுத்துதோம். நான் உங்க பக்கம் வரும்போது என் முதுகு அவளை மறைக்கு. எல்லாரும் அவளைப் பாக்காங்க. என்னை யாரும் பாத்தது இல்லை. எனக்கு வெளிச்சம் கிடையாது.”

“அப்ப எங்க ஆளுங்களை?”

“எந்த ஆளுங்க?”

கேட்டியா? அதுக்கு ஒண்ணுமே தெரியாது. பாறையில மோதினவங்க அத்தனை பேரும் இருட்டுல மோதினவங்க. அந்த இருட்டைச் செஞ்சது ஊரு.

“ம்.”

“இத்தனை காலம் சுத்தினேன், கீழே இருட்டுதான்”னுச்சு அது. “இன்னைக்குத்தான் ஒண்ணு தெரிஞ்சுது. அதைக் குடு. நான் வச்சுக்கிடுதேன்.”

“தர மாட்டேன். தம்பி வரணும்.”

“அப்ப நான் உள்ளே வாரேன்.”

மட மட மடன்னு கதவு முறுகுச்சு. தாழ்ப்பாள் வெள்ளையாப் பூத்துட்டு. கதவுப் பலகை ஓரத்துல இருந்து கறுத்துக்கிட்டே வருது. கருகலை, இல்லாமப் போகுது. சுடர் சின்னதாச்சு. விரலளவு. பயறளவு. கித்தேரி விளக்கை உடம்பால மறைச்சுச் சுவத்தோட ஒட்டிக்கிட்டா. நெத்தியில வேர்த்து வழியுது. துடைச்சா. துடைக்கும்போது புருவத்துத் தழும்புல விரல் பட்டுச்சு.

“ஏய்!”னு கத்தினா. “நீ இங்கே வந்துட்ட. அங்கே அவ கையை யாரு பிடிச்சிருக்கா?”

கதவு முறுகுறது நின்னுட்டு.

“ஒரு கையைத்தான் விட்டேன்.”

“ஒரு கை போதாது! எனக்குத் தெரியும். எந்தம்பியும் ஒரு கையைத்தான் விட்டான். நான் ஒரு பக்கம் பறந்தேன், அவன் ஒரு பக்கம் விழுந்தான். இந்தா தழும்பு. அவ பறந்துட்டான்னா பிடிப்பியா? அவளை மறைக்கதாலதானே நீ இருக்கன்னு எங்களுக்கே தெரியுது? அவளும் இல்லேன்னா உன்னை எவன் தேடுவான்? போ! போய்க் கையைப் பிடி!”

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். விர்ர்ர்ர்ர்… கூரை அதிர்ந்து மணல் பொல பொலன்னு கொட்டிச்சு. மேலே மேலே மேலே போய்த் தேஞ்சு போச்சு.

ஹோன்னு அலைச்சத்தம் திரும்ப வந்துட்டு.

அவ குப்பியைக் கவுத்து எண்ணெயை ஊத்தினா. சுடர் நிமிர்ந்து நின்னுச்சு. கூரை ஓட்டையில கடுகளவு ஒரு சிவப்பு. கடுகு மிளகாச்சு. அப்போ கடலுக்குள்ள இருந்து, “ஓஓஓய்!” அப்புறம் சளப், சளப்னு துடுப்பு. அவ நகரலை. கரையில அம்மா “வந்துட்டான்! வந்துட்டான்!”னு அலறின பிறகுதான் தாழைத் திறந்து ஓடினா.

மணல்ல மண்டி போட்டுக் கிடந்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு, பல்லு கட கட கடன்னு அடிக்கு. அவளைப் பாத்ததும் கையை நீட்டினான்.

“அக்கா.”

கித்தேரி அப்படியே நின்னுட்டா.

“அம்மா, தொடாத! தள்ளிப் போ!”

“அக்கா, நான்தான். குளிருது.” அதே குரல். அதே சொல்லு.

“கையைக் குடு.” பிடிச்சுப் பாத்தா. ஐஸ்.

சொல்லு ஏட்டி, ‘ம்’ சொல்லு.

“ம்! ம்!”

அவ அண்ணாந்து பாத்தா. கங்கு வெள்ளி முழுசா நிக்கு. ஆடலை, அசையலை, நின்ன இடத்துல நிக்கு. அப்ப அங்கே ரெண்டு கையும் கோத்திருக்கு. அப்ப இது தொம்மைதான்.

பளார்னு ஒண்ணு விட்டா. “எதுக்குலே என்னை அக்கான்னு கூப்பிட்ட?”

அவன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். “மேலே வெள்ளி போச்சு. விளக்கும் சாஞ்சு மங்கிட்டு. பாறைச் சத்தம் பக்கத்துல கேக்கு. பயத்துல அக்கா அக்கான்னு கத்திக்கிட்டே கிடந்தேன். உனக்குக் கேக்கலையா?”

கேட்டுச்சு. கதவுகிட்ட வந்தது அதை எடுத்துக்கிட்டு வந்து சொல்லித்தான் கேட்டுச்சு. அதை அவ அவன்கிட்டச் சொல்லலை.

அடுத்த வருஷத்துல இருந்து அந்த ராத்திரி மேட்டு விளக்கு எரியுது. மூப்பர் முதல்ல குதிச்சாரு. கித்தேரியோட அம்மா முன்னால வந்து, தான் விளக்கை அணைச்சதை ஊரு கேக்கச் சொன்னாங்க. அதுக்கு மேல அவரு வாயைத் திறக்கலை. அப்புறம் அந்த ராத்திரி ஒருத்தரும் பாறையில மோதிப் போகலை. ஆனா விளக்கைப் பாத்துக்க ரெண்டு பேராத்தான் மேடேறுவாங்க. தாழை இறுக்கிப் போட்டுக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாரு குரல்ல கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. கித்தேரி முறை வரும்போது மட்டும் ஜன்னல்ல இன்னொரு விளக்கையும் வைப்பா. எண்ணெய் ஊத்தி, திரி போட்டு, ஏத்தாம. யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா. விடிஞ்சு பாத்தா அந்தத் திரி விறைச்சுப் போய்க் கிடக்கும்.

பூனையை இன்னும் கவுக்காங்க. பழக்கம்.

அம்புட்டுதான். என்ன முழிக்க? விளக்கா? எரியட்டும், நான் அணைக்கலை. கதவு சாத்தித்தான் இருக்கு. கையை விடு, நான் போகணும்.

சரி. பிடிச்சுக்கோ. ஒண்ணு பத்தாதா? இந்தா, ரெண்டையும் பிடி.

கதை கரையேறிட்டு. கண்ணை மூடு.